பதினோரு மிளகாய்க்குப் பிறகு நான் சொன்ன பதில்

வியாழக்கிழமை காலை

மதிப்பிற்குரிய மூக்குக்கண்ணாடிக் கடை ஐயா அவர்களுக்கு,

'அன்புள்ள சம்பந்தி' என்று எழுதத்தான் பேனா போனது. பிடித்து நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லை எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாத நிலையில், 'ஐயா' என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். என் மனைவி நலம். மகளும் நலமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். நான்கு நாளாக அவள் என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை, உப்பு எது, சர்க்கரை எது என்று நேற்று மாலையிலிருந்து என் நாக்கு சரியாகப் பிரித்துச் சொல்கிறது. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமா என்று கேட்கத் துணிச்சல் இல்லாமல், நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒன்று நாற்பது இருக்கும், அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடையில் தாங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்போ சார், உங்க பொண்ணை எங்க பையனுக்குக் குடுக்கறதுல உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடச் சுலபமானதும் கிடையாது, முக்கியமானதும் கிடையாது. அதற்கு நான் தந்த பதில் என்ன? இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு தினுசாகச் சிரித்தேன். பிறகு, "இரண்டு இணைகோடுகளை எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒருபோதும் சந்திக்காது" என்றேன். அதோடு எழுந்து ஓடிவிட்டேன்.

ஐயா, அது பதில் இல்லை. அது ஒரு பரிசோதனை. கணக்குப் பாடத்தில் விடை தப்பாக இருந்தாலும், செய்முறை சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கொடுப்பது என் வழக்கம். அந்தப் பாதி மதிப்பெண்ணுக்காகத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுத் திருத்துங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் மகளின் சம்பந்தம் ஒன்றை ஏற்கெனவே கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வீட்டில் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையனின் அப்பா, கிளம்பி நான்கே மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். தூரத்தைக் கேட்டு, வேகத்தைக் கேட்டு, நடுவில் டீ குடித்த நேரத்தையும் கேட்டு, ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து வந்திருக்க முடியாது என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அவர்கள் போன வேகத்தைக் கணக்கிட எனக்குத் தாள் தேவைப்படவில்லை. அதனால் இந்தத் தடவை, தானாகவே தேடிக்கொண்ட பையனைப் பற்றிச் சொல்ல வந்தபோது, என் மகள் என் எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, யாரையும் திருத்தாதீங்க. எதையும் நிரூபிக்காதீங்க. அவங்க கேட்கும்போது சரின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்." முப்பத்தொரு வயதுப் பெண், தன் கல்யாணத்துக்காகத் தகப்பனிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. என்னால் கொடுக்க முடிந்தது இணைகோடு.

நான் தயாராகாமல் வரவில்லை. வீட்டுக்கே வரச் சொல்லலாம் என்று மனைவி சொன்னபோது, "வீட்டுல வெச்சா அப்பா பழைய வினாத்தாளை எல்லாம் எடுத்துக் காட்டுவாரு. பொதுவான இடம்னா ரெண்டு பக்கத்துக்கும் சமம்" என்று மகள் சொல்லிவிட்டாள். சீனாவில் காரத்துக்கே பேர் போன ஒரு மாகாணத்துச் சமையலாம் அது. பூகோள வாத்தியாராக இருந்திருந்தால் மாகாணத்தின் பெயரைச் சொல்லியிருப்பேன். குச்சியால் சாப்பிட வேண்டும் என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் மாலை இரண்டு பென்சில்களை வைத்துக்கொண்டு அழிரப்பரைத் தூக்கிப் பழகினேன். மூன்றாம் நாள் பத்துக்கு ஏழு முறை தூக்கினேன். சொல்ல வேண்டிய பதிலைக்கூட ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்டபோது அது என் நெஞ்சுக்கு மேலேதான் இருந்தது. திங்கட்கிழமை சட்டையோடு சேர்ந்து அதுவும் துவைக்கப்பட்டு, இப்போது கூழாகிவிட்டது.

சரி, கடைக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததுமே தொண்டையில் ஏதோ ஒன்று பிடித்தது. எல்லா மேசையிலும் மனிதர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதே எனக்குப் பயம்தான். தங்கள் மகன் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். அவருக்கு வழி காட்ட என் மகளும் கூடப் போனாள். அந்தத் தெருவில் வழி தவற இடமே இல்லை என்பதைக் கவனித்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் திருத்தக் கூடாது அல்லவா? ஆக அந்த வட்ட மேசையில், நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டைச் சுற்றி, நாம் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தோம். கொண்டையில் பென்சில் செருகியிருந்த சர்வர் அம்மா வந்து, "காரம் ஒண்ணா, ரெண்டா, மூணா?" என்று கேட்டார். தங்கள் துணைவியார், "ஒண்ணே போதும்மா" என்று நல்ல புத்தி சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்து, "நடுவுல இருக்கறதைப் போடுங்க. சராசரியால யாரும் கெட்டதில்ல" என்றேன். ஐயா, சராசரி என்பது அந்தக் கடையின் சராசரி என்பது எனக்குத் தோன்றவில்லை. ராட்சசர்கள் படிக்கும் வகுப்பில் நடு உயரம் உள்ளவனும் ராட்சசன்தானே.

பிறகு அந்தத் தட்டு வந்தது. தட்டு என்றால், குழந்தையைக் குளிப்பாட்டலாம், அந்த அளவு. அதில் காய்ந்த சிவப்பு மிளகாய் ஒரு மலை. மலைக்குள் அங்கங்கே நகத்தளவு கோழித் துண்டு. யாரும் கை வைக்கவில்லை. தங்கள் துணைவியார் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். தாங்கள், "இதுல எதைச் சார் சாப்பிடணும்?" என்று மெல்ல என்னிடம் கேட்டீர்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஒருவர் சந்தேகம் கேட்டுவிட்டால் விளக்காமல் இருக்க என்னால் முடியாது. "விகிதத்தைப் பாருங்க" என்றேன். ஒரு பதார்த்தத்தில் எது அதிகமோ அதுதான் பதார்த்தம், எது குறைவோ அது வாசனைக்கு. சோற்றில் சீரகம் கிடந்தால் அதைச் சீரகக் கறி என்பதில்லை. இங்கே மிளகாய் ஒன்பது பங்கு, கோழி ஒரு பங்கு. ஆகவே மிளகாய்தான் கறி, கோழி தாளிப்பு. செய்முறையில் ஒரு பிழையும் இல்லை என்பதை இப்போதும் சொல்வேன். அதோடு, சத்துணவு நேரத்தில் வரிசையாக நின்று, "தட்டுல ஒண்ணும் மிச்சம் வெக்கக் கூடாது" என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சொன்ன வாய் இது. சொன்னவன் மிச்சம் வைக்கலாமா?

முதல் மிளகாயைக் குச்சியால் எடுத்தேன். அது வழுக்கி என் மனைவியின் கைப்பைக்குள் விழுந்தது. அழிரப்பருக்கு எண்ணெய் கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. அப்போது தாங்கள் உங்கள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நமக்கு இதுதான் சார் சரிப்படும்" என்று விரலால் எடுத்தீர்கள். ஐயா, என் மகளுக்கு ஒரு நல்ல மாமனார் கிடைத்துவிட்டார் என்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான். அதற்கு மேல் எனக்கு எந்த விசாரணையும் தேவைப்படவில்லை. நானும் சட்டைக் கையை மடித்தேன். வாய்க்குள் போன முதல் மிளகாய் மொறுமொறுவென்று இருந்தது, ஒன்றும் செய்யவில்லை. அங்கேதான் ஏமாந்தேன். நாலாவதில் காது சூடானது. ஆறாவதில் தாங்கள் கண்ணாடியைத் துடைத்தீர்கள். நான் நிறுத்தினால் நிறுத்தலாம் என்று தாங்களும், தாங்கள் நிறுத்தினால் நிறுத்தலாம் என்று நானும் காத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. பெண் வீட்டுக்காரன் முதலில் நிறுத்தினால் மரியாதைக் குறைவு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நிறுத்தினால் கௌரவக் குறைவு. இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. பெண்கள் இருவரும் இரண்டாவது மிளகாயோடு நிறுத்திவிட்டுத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பதினொன்று வரை எண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் இருவரும் திரும்பி வந்தார்கள். என் மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அப்பா! அது சாப்பிடறதுக்கு இல்லப்பா! கோழியை மட்டும் பொறுக்கி எடுக்கணும்!" என்று கத்தினாள். தங்கள் மகன், "பால் கேட்டு வாங்கிட்டு வரேன்" என்று சமையலறைப் பக்கம் ஓடினார். தாங்கள், வியர்வை தாடையில் சொட்ட, இனிமேல் தாமதித்தால் கேட்கவே முடியாமல் போய்விடும் என்று நினைத்தீர்களோ என்னவோ, அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

கேள்வி என் காதில் நன்றாக விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாயைக் காணவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போல இருந்தது. நாக்கு தூங்கிய கால் மாதிரி குறுகுறுத்தது. காரம் என்றால் எரியும், எனக்குத் தெரியும். மரத்துப்போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கப் போகும் இடத்தில் ஒரு சுவரொட்டி உண்டு. மாதாமாதம் அதன் எதிரேதான் எனக்கு நாற்காலி கிடைக்கும். முகமோ வாயோ திடீரென்று மரத்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே மூன்று சோதனை செய். சிரிக்கச் சொல், இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் சொல்லச் சொல். ஒரு நிமிடமும் வீணாக்காதே என்று அதில் போட்டிருக்கும். பத்து வகுப்புகளுக்கு அதை நான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்த மேசையில் என்னைச் சோதிக்க வேறு யாரைக் கூப்பிடுவேன்? நல்ல காரியம் பேசும் நேரத்தில், "எனக்குப் பக்கவாதமான்னு பாரு" என்று மனைவியிடம் எப்படிச் சொல்வேன்? ஆகவே நானே பரீட்சை வைத்து நானே எழுதினேன். கை இரண்டும் சமமாக மேலே போயின. சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. அது ஏளனச் சிரிப்பு இல்லை ஐயா, மறு பக்க உதடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியாக ஒரு வாக்கியம். தெளிவான, சுலபமான வாக்கியம். உலகத்தில் எத்தனையோ நல்ல வாக்கியங்கள் இருக்கின்றன. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்லியிருந்தால் மங்களகரமாகவாவது இருந்திருக்கும். முப்பத்து நான்கு வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் எதுவோ, அதுதான் வந்தது.

தாங்கள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு மேசை மேல் குனிந்ததை மட்டும் பார்த்தேன். தங்கள் துணைவியார் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்களை நெருங்கி உட்கார்ந்தார். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணாடியில் என் வாய் கோணியிருக்கிறதா என்று பார்க்கக் கழிவறைக்கு ஓடினேன். அங்கே கை உலர்த்தும் இயந்திரத்தைக் கழற்றிச் சரி செய்துகொண்டிருந்த ஒருவர், நான் கண்ணாடிக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "என்ன சார், நாக்கு தூங்கிடுச்சா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க வேலை பாக்க வர்றப்பல்லாம் ஒருத்தராவது இப்படி நிப்பாங்க. அதுல ஒரு மிளகு போடுவாங்க சார், சுருண்டு தோல் மாதிரி இருக்கும். பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி ஆயிடும். அரை மணியில எழுந்துக்கும், பயப்படாதீங்க."

உயிர் வந்தது. வந்த உயிரோடு மேசைக்குத் திரும்பினால் தாங்கள் இல்லை. சாவு வீட்டிலிருந்து அழைத்துப் போவது போலத் தங்கள் துணைவியார் தங்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனதாகவும், தாங்கள் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றும் என் மனைவி சொன்னாள். தங்கள் மகன் பால் டம்ளரை வைத்துவிட்டு உங்கள் பின்னாலேயே ஓடியிருக்கிறார். நூடுல்ஸ் அப்போதுதான் வந்து, யாரும் இல்லாத பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "என்னப்பா சொன்னீங்க? எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள். அதன் பிறகு இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. சர்வர் அம்மா மட்டும், "இத்தனை வருஷத்துல இந்தத் தட்டுல மிளகாயை யாரும் இப்படித் தின்னதில்ல சார். சமையல்காரர் உங்களைப் பாக்கணும்கிறாரு" என்றார். அவர் வந்து, வெள்ளத்தில் பிழைத்தவனைப் பார்ப்பது போல என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மருத்துவரிடம் போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்றார். அதை எழுதித் தாருங்கள், ஒரு பெரிய மனிதரிடம் காட்ட வேண்டும் என்றேன். "மிளகா தின்னதுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுக்க முடியாது சார்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நேற்று, என் மூக்குக்கண்ணாடியின் கால் தளர்ந்துவிட்டது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு தங்கள் கடைப் பக்கம் வந்தேன். கதவு இறக்கியிருந்தது. 'சில நாட்களுக்கு விடுமுறை' என்று ஒரு அட்டை தொங்கியது. ஒரு நாள்கூடக் கடையை மூடாதவர் என்று தங்களைப் பற்றி என் மகள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மனிதரின் கடையை மூட வைக்கும் அளவுக்கு ஒரு வாக்கியம் போதுமா என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்தேன்.

நான்கு நாளாக உங்களிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. சாப்பாட்டு மேசையில் என் மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். அழாமல், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்த்திப் பார்க்கிறாள். ஐயா, தண்டனை எனக்குக் கொடுங்கள். கல்யாணத்தில் நான் பேசக் கூடாது என்றால் பேசவில்லை. கடைசி வரிசையில் உட்கார் என்றால் உட்காருகிறேன். தங்கள் கேள்விக்கு என் உண்மையான விடையை இதோ, மரத்துப்போகாத கையால் எழுதுகிறேன்: சம்மதம். முழு மனதோடு சம்மதம்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், அவர் சொன்ன 'ஒண்ணே போதும்' என்பதுதான் சரியான விடை என்பதையும் தெரிவிக்கவும். தங்கள் மகன் நீண்ட ஆயுளோடும் குறையாத பொறுமையோடும் வாழ்க. என் வீட்டில் மாப்பிள்ளையாக வருபவருக்கு இரண்டாவது கட்டாயம் தேவை.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அழைப்பு மணி அடித்தது. தங்கள் மகன் நின்றார். முகத்தைப் பார்த்ததும் சம்பந்தம் முறிந்த செய்திதான் என்று முடிவு செய்து உட்கார்ந்துவிட்டேன். அவர், "அங்கிள், கோபமா இருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டார்! "அன்னிக்கு அப்பா மிளகாக் கையோட கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைக் கசக்கிட்டாரு. கண்ணைத் திறக்கவே முடியல. அம்மா அவரு கண்ணுல ஊதிக்கிட்டே இருந்தாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. கேள்வி கேட்டுட்டு, பதிலைக் கேக்காம எழுந்து போயிட்டோமே, அவரு நம்மளைப் பத்தி என்ன நினைப்பாருன்னு நாலு நாளா புலம்பறாரு. போன் பண்ண வெக்கம். ஊருக்கெல்லாம் கண்ணைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்ற ஆளு, தன் கண்ணுல பஞ்சை வெச்சுக்கிட்டு எப்படிக் கடையைத் திறக்கறதுன்னு மூடிட்டாரு. உங்க பொண்ணோட போனை நான் எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு" என்றார்.

ஆக, தங்களுக்குத் தெரியாத குற்றத்தை நான்கு பக்கத்துக்கு நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் மகள். நான்கு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். விடைத்தாளைக் கிழித்துப் பழக்கமில்லை. வேறு தாளில் எழுத நேரமும் இல்லை, மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எனவே மேலே உள்ள எல்லாவற்றின் மீதும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறேன். 'சம்மதம்' என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டு விட்டுவைத்திருக்கிறேன். அடித்த பகுதியைத் திருத்துபவர் படிக்கக் கூடாது என்பது தேர்வு விதி. தங்களுக்குக் கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, தானே வாசித்துக் காட்டப் போவதாக மாப்பிள்ளை சொல்கிறார். தம்பி, வட்டத்தை மட்டும் வாசியுங்கள். முழுவதும் வாசித்தே தீர வேண்டுமென்றால், இணைகோடு வரும் இடத்தில் அப்பா காதில் விழாதபடி பலமாக இருமிவிடுங்கள்.

கண் சரியானதும் அதே கடைக்கு மறுபடியும் போக வேண்டும் என்று தாங்கள் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன், சம்பந்தி. போகலாம். ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: மிளகாய்க் காரம் எண்ணெயில்தான் கரையும் என்பதால், சாப்பிட்டு முடித்ததும் கையைத் தண்ணீரில் நனைக்காமல், முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.